வேப்பங்கொத்து செருகிய வண்டி

பாஷ்யத்துக்கு லாரி ஓட்டத் தெரியாது. சைக்கிளே சுமாராகத்தான் ஓட்டுவார். அப்படிப்பட்ட மனுஷரிடம் ஆறு லாரியையும் எட்டு டிரைவர்களையும் ஒப்படைத்திருந்தது கவரைப்பேட்டைக்குப் பக்கத்திலிருந்த அந்த சிமெண்ட் குழாய்க் கம்பெனி. அவருடையது திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்து வந்த குடும்பம். அப்பா, பெரியப்பா, அண்ணா எல்லோரும் பெருமாள் சந்நிதியோடு சரி. இவர் ஒருத்தர்தான் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, டீசல் நாற்றத்துக்கு நடுவில் பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகிறது, எது போகக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலையில் சேர்ந்த வருஷமே ஒரு கூத்து நடந்தது. ஸ்டியரிங் கெட்டுப்போய் நின்றிருந்த லாரியை, கெட்டிருக்கிறது என்று தெரியாமல் ஒரு டிரைவர் எடுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதினான். அவனுக்கு ஒரு கால் போயிற்று. போர்டில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருந்தேனே என்றார் மெக்கானிக் தானியேல். எழுதித்தான் இருந்தது. யார் படித்தார்கள்? எட்டுப் பேரில் ஐந்து பேருக்குச் சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைக்கும் இடத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பாஷ்யம் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். மூன்றாம் நாள் ஜி.என்.டி. ரோட்டில் பிரேக்டவுனாகி நின்ற ஒரு லாரியைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ரோட்டில் தழையை ஒடித்துப் போட்டிருந்தார்கள். தூரத்தில் வருகிற வண்டிகளெல்லாம் தழையைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்தன. எழுத்தாவது ஒன்றாவது! அன்று சாயந்திரமே ஷெட்டில் சட்டம் போட்டுவிட்டார். ஓடத் தகுதியில்லாத வண்டியின் முன்கண்ணாடி வைப்பரில் ஒரு வேப்பங்கொத்து செருகப்படும். அதைத் தானியேல்தான் செருக வேண்டும், தானியேல்தான் எடுக்க வேண்டும். கொத்து இருக்கிற வண்டியை முதலாளியே கேட்டாலும் தொடக் கூடாது.

முதலில் டிரைவர்கள் கேலி செய்தார்கள். வண்டிக்கு அம்மை வார்த்திருக்கு என்றார்கள். பிறகு பழகிவிட்டது. மூன்று வருஷம், ஒரு விபத்து கிடையாது. பாஷ்யத்துக்கு அதில் உள்ளூர ரொம்பப் பெருமை. வீட்டில் மனைவி பூமாவிடம் மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க மாட்டார். அவளும் முதல் தடவை கேட்பதுபோலத் தலையை ஆட்டுவாள்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், தானியேல் வந்து நாலாம் நம்பர் லாரி சரியில்லை என்றார். பின் சக்கரத்துக்குள் ரப்பர் கிழிந்து பிரேக் ஆயில் கசிகிறதாம். புது ரப்பர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், பூஜை லீவு முடிந்துதான் கிடைக்கும்.

"நாலு மிதிக்குப் புடிக்கும் சார். அதான் மோசம். நல்லாத்தான் கீதுன்னு நெனச்சிக்குவான். அஞ்சாவது மிதிக்கு பெடல் தரையில போய் உக்காந்துக்கும்" என்றார் தானியேல்.

பாஷ்யம் நோட்டில் எழுதிக்கொண்டார். வண்டி ஷெட்டின் கிழக்கு ஓரத்தில் நின்றது. தானியேல் கொத்தைச் செருகியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். இதில் அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. குற்றமெல்லாம் மறுநாள் காலையில்தான்.

பூஜையன்று காலை ஷெட் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வண்டிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கழுவினார்கள். நாலாம் நம்பரையும்தான். பூஜை நாளில் ஒரு வண்டியை மட்டும் அழுக்கோடு விட மனசு வருமா? தொட்டிக்கும் ஷெட்டுக்கும் நூறு அடி. ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தது. திரும்பி வந்து நின்றது மேற்கு ஓரத்தில்.

பம்பரில் வாழைக்கன்று கட்டினார்கள். அதன் இலை விழுந்து நம்பர் பிளேட்டை மறைத்தது. கண்ணாடியில் சந்தனப் பட்டை, குங்குமம். மாவிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கட்டுவது என்று கேட்டார்கள். பாஷ்யம் வாய்க்கு வந்ததைச் சொன்னார். வைப்பர் எல்லாம் மொட்டையாக இருக்கிறதே, அதிலே செருகுங்கோ என்றார். மாவிலை பற்றாமல் போனதும் வேப்பிலையையும் ஒடித்து வந்து கலந்து செருகினார்கள். அரை மணி நேரத்தில் ஆறு வண்டியும் ஆறு பிள்ளையார் மாதிரி ஒரே சாயலில் நின்றன. மூன்று வருஷமாகக் கட்டிக் காத்த சட்டம் அவர் கண் எதிரிலேயே இலைக்குள் இலையாக மறைந்து போயிற்று. அவர் அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்த பிறகு, வருஷா வருஷம் உள்ள வழக்கப்படி ஒரு லாரியில் தொழிலாளிகளின் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பொன்னேரிப் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும். அந்த வருஷம் பூமாவும் கிளம்பினாள். பதினோரு வயசு மகள் செங்கமலவல்லி எல்லோருக்கும் முன்னால் ஏறி, டிரைவர் தலைக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஓட்டுகிற முறை பரசுராமனுடையது. அவன் நிதானமான ஆள், குடிக்க மாட்டான். தினம் ஓட்டுகிற இரண்டாம் நம்பரில் குழாய் ஏற்றியிருந்தது. நாலாம் நம்பரின் டிரைவரோ லீவு போட்டுப் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தான். அவன் மட்டும் இருந்திருந்தால் தன் வண்டியை முதுகைப் பார்த்தே சொல்லியிருப்பான். பரசுராமன் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கும் நடுவில் கேட்டான்.

"இன்னா சார் இது, எல்லா வண்டிலயும் இலை கீது. உங்க சட்டத்துப்படி ஒண்ணத்தையும் எடுக்கக் கூடாதே?"

எல்லோரும் சிரித்தார்கள். பாஷ்யமும் சிரித்தார். அவன் விளையாட்டாகக் கேட்டானா நிஜமாகவே கேட்டானா என்று பிற்பாடு அவர் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார்.

"இன்னிக்கு எல்லாம் சாமி இலைப்பா. கிழக்கு ஓரத்து வண்டியை விட்டுட்டு எதை வேணா எடு" என்றார்.

பரசுராமன் மேற்கு ஓரத்து வண்டியை எடுத்தான்.

லாரி போய்க் கால் மணி நேரம் இருக்கும். பாஷ்யம் தொன்னையில் சுண்டலை வைத்துக்கொண்டு ஷெட்டு வாசலில் நின்றார். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை காய்ந்துகொண்டிருந்தது. அதில் மேற்கு ஓரத்தில் சின்னதாக ஒரு ஈரம், காயாமல் பளபளத்தது. கொஞ்சம் தள்ளி, கேட்டு ஓரமாக இன்னொன்று. தண்ணீர் இப்படியா இருக்கும்? தானியேலைக் கூப்பிட்டார். தானியேல் பொரி தின்றபடி வந்து, குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தார். அப்புறம் பொரியைக் கீழே போட்டுவிட்டுக் கிழக்கு ஓரத்துக்கு ஓடி, வாழையிலையை விலக்கி நம்பரைப் பார்த்தார். அங்கிருந்தே, மூணாம் நம்பரு சார், மூணாம் நம்பரு என்றார்.

அப்படியானால் போனது நாலாம் நம்பர். பாஷ்யத்தின் கை தானாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தது. கம்பெனி கேட்டில் ஒரு மிதி. பன்பாக்கத்தில் இரண்டு குடும்பத்தை ஏற்றிக்கொள்ள நிறுத்தியாக வேண்டும், அது இரண்டு. ஜி.என்.டி. ரோட்டில் ஏறும்போது மூன்று. தச்சூர் கூட்டு ரோட்டில் இடது பக்கம் ஒடிக்கும்போது நாலு. அதற்கப்புறம் பொன்னேரி ரயில்வே கேட். கேட்டைத் தாண்டினால் கடைத்தெரு. பூஜை நாள், எள் போட இடமிருக்காது. வண்டியில் நாற்பது பேர். எம்பெருமானே, நாற்பது பேர்!

தானியேல் மூணாம் நம்பரைக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே விரட்டினார். பிடிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், பாஷ்யத்துக்கும் தெரியும். பாஷ்யம் வாட்ச்மேனின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பறந்தார். வழியில் பஞ்சகச்சம் செயினில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. கிழித்துவிட்டு, கிழிந்த வேட்டியோடு மறுபடி மிதித்தார். எதிரில் வந்தவர்கள் ஐயருக்கு என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்கள்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் மாஸ்டர் எம்பார், காஞ்சிபுரத்துக்காரர். அவருடைய டெலிபோனும் அன்றைக்குச் சந்தனம் குங்குமத்தோடுதான் இருந்தது. பாஷ்யம் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பாதி வார்த்தை வெளியே வந்தது, பாதி வரவில்லை. எம்பார் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதும் முகம் வெளுத்தது. சூளூர்ப்பேட்டை பாசஞ்சர் இன்னும் ஐந்து நிமிஷத்தில் இங்கே வந்துவிடும், அது கிளம்பினால் பொன்னேரியில் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்றார்.

"சாத்தப்படாது ஸ்வாமி! ரயிலை இங்கேயே நிறுத்தி வையுங்கோ. உம்ம காலில் விழறேன்."

சொன்னபடியே விழுந்தும்விட்டார். எம்பார் அவரைத் தூக்கிவிடக்கூட இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணமில்லாமல் ரயிலை நிறுத்தினால் மேலே பதில் சொல்ல வேண்டும். பென்ஷனுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. பாஷ்யம் அழுதுகொண்டே, என் ஆத்துக்காரியும் குழந்தையும் அதில்தான் இருக்கா என்றார். எம்பார் டெலிபோனைச் சுழற்றினார்.

பொன்னேரி ஸ்டேஷன் மாஸ்டரிடம், பாசஞ்சரை நான் இங்கேயே பிடித்து வைக்கிறேன், உன் கேட்டை மூடாதே என்றார். மெட்ராஸ் பக்கத்திலிருந்தும் அரை மணிக்கு வண்டி கிடையாது என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். பாஷ்யத்துக்கு உயிர் வந்தது, உடனேயே போயிற்று. கேட் திறந்திருந்தால் வண்டி நேரே கடைத்தெருவில் போய் நுழையுமே! அதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். சிவப்புக் கொடி காட்டலாமா என்று எம்பார் கேட்டார். கிட்டத்தில் கொடியைப் பார்த்தால் பரசுராமன் பட்டென்று பிரேக்கை மிதிப்பான். தூரத்திலிருந்தே அவனுக்குத் தெரிய வேண்டும், கியரை இறக்கி மெதுவாக வர வேண்டும். எந்த டிரைவருக்கும் பார்த்த மாத்திரத்தில் புரிகிற அடையாளம் என்று பாஷ்யத்துக்குத் தெரிந்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"தழை ஒடிச்சுப் போடச் சொல்லுங்கோ. கேட்டுக்கு ரொம்ப முன்னாலேயே, ரோடு நெடுக."

எம்பார் அப்படியே சொன்னார். இங்கே ஒருத்தர் கதறுகிறார், அவர் பெண்டாட்டி பிள்ளை அந்த லாரியில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சொல்லாவிட்டால் அந்த ஆள் அசைய மாட்டான் என்று நினைத்திருப்பார். அசைந்தார்கள். கேட்மேன் தழை ஒடிக்கிறான் என்று பதில் வந்தது.

அப்புறம் காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. பாசஞ்சர் வந்து நின்றது. சிக்னல் விழவில்லை. எஞ்சின் டிரைவர் ஊதி ஊதிப் பார்த்தான். ஜனங்கள் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, என்ன பேஜாரு இது என்று கத்தினார்கள். பாஷ்யம் டெலிபோனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாராயணா என்று சொல்ல வாயைத் திறந்தால் செங்கமலம், செங்கமலம் என்றுதான் வந்தது. அவள் காலையில் ரிப்பன் கேட்டாள். பூஜை வேலை இருக்கு போ என்று விரட்டியிருந்தார். அந்த ரிப்பன் நினைவு வந்து அவரைக் கொன்றது.

மணி அடித்தது. எம்பார் எடுத்தார். ரொம்ப நேரம் உம் கொட்டினார். பாஷ்யம் அவர் முகத்தையே பார்த்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"க்ஷேமம். உம்ம ஆத்துக்காரி, குழந்தை, எல்லாரும் க்ஷேமம்" என்றார் எம்பார். பாஷ்யம் எழுந்து கைகூப்பினார். எம்பார் கையை வேண்டாம் என்பதுபோல ஆட்டினார். கேட்மேன் அடிபட்டுப் போய்விட்டான் என்றார்.

நடந்தது இதுதான். தச்சூர் கூட்டு ரோட்டிலேயே பெடல் கொஞ்சம் இறங்கினாற்போலப் பரசுராமனுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு தரம் மிதித்ததும் பிடித்துக்கொண்டது, கோயிலில் இறங்கிப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டான். பொன்னேரிக்கு முன்னால் ரோட்டில் தழை கிடந்ததைப் பார்த்தான். எல்லா டிரைவரும் செய்வதைத்தான் அவனும் செய்தான், காலைப் பிரேக்கில் வைத்தான். பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. தழையைத் தாண்டியும் வண்டி வேகமாகவே வருவதைக் கேட்மேன் அப்பாவு பார்த்தான். இவன் கவனிக்கவில்லையோ என்று நடு ரோட்டுக்கே வந்து, கையிலிருந்த வேப்பங்கிளையை ஆட்டினான். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் பள்ளம். ஸ்டியரிங்கை ஒடித்திருந்தால் நாற்பது பேரோடு வண்டி கவிழ்ந்திருக்கும். பரசுராமன் ஹாரனை அழுத்தினான், கியரை இறக்கினான், கைப்பிரேக்கை இழுத்தான். அப்பாவு கடைசியில் ஒதுங்கினான், ஆனால் போதவில்லை. திறந்திருந்த கேட்டின் வழியாகப் போன லாரி, தண்டவாளத்துக்கு அப்பால் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது.

பிடித்து வைத்த அந்தப் பாசஞ்சரிலேயே பாஷ்யம் பொன்னேரிக்குப் போனார். ஏறும்போது எம்பார் தோளைப் பிடித்துக் காதோடு சொன்னார்: விசாரணை, போலீஸ் எல்லாம் வரும், பிரேக் கெட்டது தெரிந்ததும் நீர் போன் பண்ணினீர், அவ்வளவுதான். வண்டியை யார் எடுக்கச் சொன்னது என்ற பேச்சை நீராக எடுக்காதேயும். பரசுராமன் தானாக எடுத்தான் என்று இருக்கட்டும். பாஷ்யம் தலையை ஆட்டினார். அந்த நிமிஷம் யார் எதைச் சொன்னாலும் ஆட்டியிருப்பார்.

கேட்டருகே ஊரே கூடியிருந்தது. பரசுராமன் ஜல்லிமேல் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்த காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். பாஷ்யத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பூமாவுக்கு நெற்றியில் வீங்கியிருந்தது. செங்கமலவல்லி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து அப்பாவின் கிழிந்த வேட்டியைப் பிடித்தாள். அவள் கை சுடச்சுட இருந்தது. ஐயோ, உயிரோடிருக்கிற கை! அதைப் பிடித்தபடியே அழுதார்.

கேட் அறை வாசலில் அப்பாவுவின் உடலைக் கிடத்தி வேட்டியால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் அவன் மனைவி முத்தம்மா. அழுது ஓய்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதில் கைக்கு எட்டிய கிளையெல்லாம் ஒடிபட்டு மூளியாக நின்றது. அவள் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கவரைப்பேட்டையிலிருந்து போன் பண்ணினவர் வந்திருக்கிறாரா என்று கேட்டாள். யாரோ பாஷ்யத்தைக் காட்டினார்கள்.

அவர் போய் நின்றார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். தூற்றட்டும் என்றுகூட இருந்தது.

"கஞ்சி குடிக்க உக்காந்தாரு சாமி. போன் வந்திச்சின்னதும் எந்திரிச்சி ஓடினாரு. பாவம், யாரோ ஒருத்தரு பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் அதுல வர்றாங்களாம், தழை போட்டுட்டு வந்துடறேன்னாரு. அவரு இல்லாங்காட்டி நானாச்சும் கேக்கணுமில்ல. உங்க ஊட்டு ஆளுங்க பொழச்சாங்களா?"

பாஷ்யம் மகளை மெள்ள முன்னால் நிறுத்தினார். இதுதாம்மா என் குழந்தை என்றார். முத்தம்மா செங்கமலவல்லியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பிறகு கையெடுத்துப் பாஷ்யத்தைக் கும்பிட்டாள். போன் பண்ணி நாற்பது பேரைக் காப்பாற்றிய புண்ணியவான் என்று எண்ணிக் கும்பிட்டாள்.

சும்மா இருந்திருக்கலாம். எம்பார் அதைத்தான் சொன்னார். பூமாகூடப் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

பாஷ்யம் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். கூப்பியிருந்த முத்தம்மாவின் கைகளைப் பிடித்துப் பிரித்தார்.

"என்னைக் கும்பிடாதேம்மா. அந்த வண்டியை எடுக்கச் சொன்னவனும் நான்தான்" என்றார்.

முத்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடியும், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பரசுராமன் ஜல்லியிலிருந்து எழுந்து நின்றான்.